போனில் திறக்கத் திணறும் கடைத் தளம்: எந்தப் பிளக்கினை, எப்படி எடுப்பது?

குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டுக் கடை. கிராம்பு, நல்லமிளகு, தேன், ஏத்தங்காய் சிப்ஸ் எல்லாம் ஆன்லைனில் விற்கிறார்கள். தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டியது, கடைப் பகுதி அதன் மேல் ஓடும் வூகாமர்ஸ். பிளக்கின், அதாவது கூடுதல் வசதிக்காகத் தளத்தில் சேர்க்கும் சின்ன மென்பொருள், நாற்பதுக்கு மேல் ஓடுகிறது. போனில் முகப்புப் பக்கம் வருவதற்குள் வந்த ஆள் போய்விடுகிறார். கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் தரும் மதிப்பெண் சிவப்பிலேயே நிற்கிறது, கேஷ் பிளக்கின் போட்டும் பெரிதாக மாறவில்லை. தளம் செய்து கொடுத்தவர், "ஹோஸ்டிங் பத்தாது, விபிஎஸ் எடுங்க" என்று சொல்லிவிட்டார். எடுக்கலாமா, இல்லை பிளக்கினைக் குறைத்தால் போதுமா, எத்தனையாகக் குறைப்பது என்பது கேள்வி.

விபிஎஸ், அதாவது உங்களுக்கென்று ஒதுக்கிய சர்வர் பங்கு, இப்போதைக்கு வேண்டாம், தம்பி. எப்போது வேண்டிவரும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். பிளக்கின் எண்ணிக்கைக்கு வரம்பு என்று எதுவும் கிடையாது. இருபதைத் தாண்டக்கூடாது, பதினைந்தைத் தாண்டக்கூடாது என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள், காதில் வாங்க வேண்டாம். பழைய முகவரியைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுவது, நிர்வாகப் பக்கத்தில் மட்டும் வேலை செய்வது என்ற வகையில் பத்துப் பிளக்கின் இருந்தாலும் வாங்க வருகிறவரின் போனுக்கு ஒரு கேபி கூடுதலாகப் போகாது. ஒரே ஒரு ஸ்லைடரோ சாட் பெட்டியோ அந்தப் பத்தையும் விழுங்குகிற சுமையைக் கொண்டுவந்து இறக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் எது இறங்குகிறது, அந்தப் பக்கத்துக்கு அது தேவையா என்பதைப் பார்த்தால் போதும். எண்ணிக்கை தானாகக் குறையும்.

பிளக்கின் இரண்டு இடத்தில் செலவு வைக்கும். முதலாவது சர்வரில். பக்கம் தயாராகும் ஒவ்வொரு தடவையும் இயக்கத்தில் இருக்கிற எல்லாப் பிளக்கின்களின் பிஎச்பி கோப்புகளும் ஏற்றப்படும். சில பிளக்கின்கள் டேட்டாபேஸையும் பல தடவை போய்த் தட்டும். இரண்டாவது செலவு வாடிக்கையாளரின் போனில்: பிளக்கின் அனுப்புகிற, தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸும் பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டும். கேஷ் பிளக்கின் முதல் செலவை மட்டும்தான் மறைக்கும். ஒருமுறை தயாரான பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு அப்படியே நீட்டும். அந்தப் பக்கத்துக்குள் முப்பது ஸ்கிரிப்ட் இருந்தால் முப்பதும் சேர்ந்துதான் போகும். உங்களுக்கு மாற்றம் தெரியாததற்குக் காரணம் இதுதான். போதாததற்கு, கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் பக்கங்கள் ஆளுக்கு ஆள் மாறுவதால் அவற்றை கேஷில் வைக்கவே முடியாது. காசு கைக்கு வருகிற பக்கத்தில் நாற்பது பிளக்கின்களின் எடையும் மிச்சமில்லாமல் விழுகிறது என்று அர்த்தம்.

பிளக்கின் எழுதியவர் ஏன் இப்படி எல்லாப் பக்கத்திலும் தன் கோப்புகளை ஏற்றுகிறார்? சோம்பல் மட்டும் காரணமில்லை. பக்கத்தின் தலைப்பகுதியில் எந்தெந்த சிஎஸ்எஸ் வர வேண்டும் என்பதை வேர்ட்பிரஸ் முடிவு செய்யும் நேரத்தில், கீழே உள்ளடக்கத்தில் ஷார்ட்கோடு, அதாவது பிளக்கினைக் கூப்பிடுகிற சதுர அடைப்புச் சொல், இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் தெரியாது. படிவத்தை நீங்கள் தொடர்புப் பக்கத்தில் வைப்பீர்களா, அடிப்பட்டையில் வைப்பீர்களா என்பதும் அவருக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் போட்டுவிடுவார். தொடர்புப் படிவம் வைக்கிற காண்டாக்ட் ஃபார்ம் 7 பிளக்கின் இதற்கு நல்ல உதாரணம். படிவம் ஒரே பக்கத்தில் இருந்தாலும் அதன் ஸ்கிரிப்ட்டும் ஸ்டைலும் தளம் முழுக்க ஏறும். ஸ்பேமைத் தடுக்கும் ரீகேப்ட்சாவின் மூன்றாம் பதிப்பையும் அதனோடு இணைத்திருந்தால் கூகுளிடமிருந்து நூற்றுக்கணக்கான கேபி ஜாவாஸ்கிரிப்ட் எல்லாப் பக்கத்திலும் சேர்ந்து வரும். தக்கலைக்கு டிக்கெட் எடுத்தவரைக் களியக்காவிளை வரை கொண்டுபோய்த் திருப்பி அழைத்து வருகிற கதைதான். நல்லமிளகு விலை பார்க்க வந்தவருக்கு உங்கள் படிவத்தின் ஸ்பேம் காவலாளி எதற்கு?

ஜாவாஸ்கிரிப்ட் 100 கேபியையும் படம் 100 கேபியையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. படம் இறங்கியதும் விரித்துக் காட்டிவிட்டால் அதோடு முடிந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டைப் படிக்க வேண்டும், தொகுக்க வேண்டும், ஓட்ட வேண்டும். அது நடக்கும் நேரத்தில் பக்கம் விரலுக்கு அசையாது. நீங்கள் கடையில் ஃபைபர் இணைப்பில், நல்ல லேப்டாப்பில் பார்த்துவிட்டு "எனக்கு வேகமாத்தான் இருக்கு" என்று சொல்லக்கூடாது. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸின் மொபைல் சோதனை விநாடிக்கு 1.6 மெகாபிட் வேகம், 150 மில்லிவிநாடி தாமதம், மெதுவான சிபியு என்று பாவித்துத்தான் அளக்கிறது. கஞ்சத்தனமான கணக்கு என்று தோன்றும். பேச்சிப்பாறை தாண்டி மேலே போய், இல்லையென்றால் கீரிப்பாறைப் பக்கம் நின்று, ஐந்து வருடம் பழைய போனில் உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். அந்தக் கணக்கு நியாயம்தான் என்று ஒப்புக்கொள்வீர்கள்.

கை வைப்பதற்கு முன்னால் அளந்து எழுதி வையுங்கள். மூன்று பக்கம் போதும்: முகப்பு, ஏதாவது ஒரு பொருள் பக்கம், செக்அவுட். முகப்பையும் பொருள் பக்கத்தையும் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் கொடுங்கள். செக்அவுட்டை அதில் கொடுத்தால் காலிக் கார்ட்தான் தெரியும். குரோமில் கார்ட்டில் ஏதாவது போட்டுவிட்டு நீங்களே திறந்து அளக்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் பாருங்கள். பெரிய படமோ தலைப்போ கண்ணுக்குத் தெரிய ஆகும் நேரம், அதாவது எல்சிபி, 2.5 விநாடிக்குள் இருக்க வேண்டும். பக்கம் குதிக்கிற அளவான சிஎல்எஸ் 0.1-க்குள். தொட்டால் பதில் வருகிற நேரமான ஐஎன்பி 200 மில்லிவிநாடிக்குள். இந்த ஐஎன்பி 2024 மார்ச்சில்தான் பழைய எஃப்ஐடி அளவின் இடத்துக்கு வந்தது. உண்மையான ஆட்கள் தொட்டால்தான் இது தெரியும் என்பதால் ஆய்வகச் சோதனையில் வராது, அங்கே டிபிடி என்று, ஸ்கிரிப்ட்டுகள் பக்கத்தை முடக்கி வைத்த நேரத்தைச் சொல்கிற ஒன்று இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வர் முதல் பைட்டை அனுப்ப ஆகும் நேரத்தையும் தனியாக எழுதி வையுங்கள். கடைசியில் விபிஎஸ் பற்றி முடிவு செய்ய அது வேண்டும்.

எந்தப் பிளக்கின் எதைக் கொண்டுவருகிறது என்று பிடிக்க எந்தக் கருவியையும் வாங்க வேண்டியதில்லை. கணினியில் குரோமைத் திறந்து, லாகின் இல்லாத மறைநிலைச் சாளரத்தில் உங்கள் தளத்துக்குப் போய், எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் 'பிளக்கின்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை வடிகட்டியில் போடுங்கள். பிளக்கின் உங்கள் சர்வரிலிருந்து அனுப்பும் கோப்பின் முகவரியில் அதன் ஃபோல்டர் பெயர் இருக்கும். யார் எத்தனை கோப்பு அனுப்புகிறார்கள் என்று பட்டியலே வந்துவிடும். லாகின் செய்த நிலையில் பார்க்காதீர்கள், நிர்வாகப் பட்டைக்கான கோப்புகளும் கலந்து குழப்பும். அடுத்தது கவரேஜ். எஃப்12 திறந்திருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, கவரேஜ் என்று ஆங்கிலத்தில் தட்டி, பக்கத்தை மறுபடி ஏற்றினால், ஒவ்வொரு கோப்பிலும் எவ்வளவு பைட் பயன்பட்டது, எவ்வளவு சும்மா வந்தது என்று கோடு போட்டுக் காட்டும், சும்மா வந்தது சிவப்பில். சிவப்பெல்லாம் குப்பை என்று எடுத்துவிடக் கூடாது. மெனுவைத் தட்டினால் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட், தட்டும் வரை சிவப்பாகத்தான் இருக்கும். மெனுவைத் திறந்து, பொருளைக் கார்ட்டில் போட்டு, கீழே வரை நகர்த்திப் பார்த்த பிறகும் முழுக்கச் சிவப்பாகக் கிடக்கிற கோப்புதான் நமக்கு வேண்டிய ஆள்.

சர்வர் பக்கத்துச் செலவைப் பார்க்க குவெரி மானிட்டர் என்ற இலவசப் பிளக்கின் இருக்கிறது. எந்தப் பிளக்கின் டேட்டாபேஸில் எத்தனை கேள்வி கேட்டது, எவ்வளவு நேரம் எடுத்தது, எந்த ஸ்கிரிப்ட் எதை நம்பி நிற்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். வேலை முடிந்ததும் அதையும் எடுத்துவிடுங்கள். பிளக்கினைக் குறைக்கப் போனவர் இரண்டு கூட்டிவிட்டு வந்தார் என்று ஆகிவிடக் கூடாது.

இனி யாரையெல்லாம் எடுப்பது. உங்கள் தளம் போன்ற கடைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறவற்றை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கை வைக்க வேண்டியது முகப்பு ஸ்லைடரில். ஐந்து படம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். இரண்டாவது படத்தைப் பார்க்கும் முன்பே ஆள் கீழே நகர்ந்திருப்பார். அந்த ஐந்து படத்தையும், அவற்றை ஓட்டுகிற ஸ்கிரிப்ட்டையும் சேர்த்துத்தான் போன் சுமக்கிறது, அதுவும் எல்சிபி அளக்கிற இடத்திலேயே. கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மாறாமலைக் கிராம்பைக் கையில் அள்ளி எடுத்த ஒரு நல்ல படமும், இந்தச் செய்தியைச் சொல்கிற ஒரு வரியும் போட்டால், பஞ்சவர்ண ஸ்லைடர் செய்யாததைச் செய்யும். மட்டிப்பழம் விற்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன், அதற்கும் 2023-ல் கிடைத்தாயிற்று. ஸ்லைடரோடு சேர்த்து, பக்கம் வரும் வரை சுற்றுகிற வட்டத்தைக் காட்டும் பிரீலோடரையும் எடுங்கள். தயாராகிவிட்ட பக்கத்தைத் திரை போட்டு மூடி வைப்பதற்கென்றே ஒரு பிளக்கின்! சவத்தை முதலில் தூக்குங்கள்.

வாட்ஸ்அப் பட்டனுக்கென்று ஒரு பிளக்கின் இருக்கும். பச்சை வட்டம், மேலே குதிக்கிற ஒரு சிவப்புப் புள்ளி, "வணக்கம், நான் உதவட்டுமா?" என்று ஒரு பெட்டி. இதற்கு ஒரு சாதாரண இணைப்பு போதும். 'டபிள்யூஏ டாட் எம்இ' முகவரி, ஒரு சாய்கோடு, பிறகு 91-உடன் உங்கள் எண். கூட்டல் குறி, இடைக்கோடு, முன்னால் பூஜ்யம் எதுவும் வேண்டாம். அடிப்பட்டையில் இதை ஒட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு எழுத்துகூட இல்லாமல் வாட்ஸ்அப் திறக்கும். ஷேர் பட்டன் பிளக்கினும் இதே கதைதான். உங்கள் நல்லமிளகுப் பக்கத்தை யாராவது பகிர நினைத்தால் போனிலேயே பகிர்கிற வசதி இருக்கிறது. தொடர்புப் பக்கத்துக் கூகுள் வரைபடத்துக்கும் ஒரு பிளக்கின் போட்டிருப்பார்கள். கடை இருக்கும் இடத்தின் ஒரு படமும், தட்டினால் மேப்ஸ் செயலி திறக்கிற இணைப்பும் போதும். திற்பரப்பு அருவிக்கு வந்த வழியில் கடைக்கு வர நினைக்கிறவருக்கு வேண்டியது வழிகாட்டல், உங்கள் பக்கத்துக்குள் நகர்த்திப் பார்க்கும் வரைபடம் இல்லை.

அடுத்து, வேர்ட்பிரஸ் தானே செய்கிற வேலைக்குப் போட்ட பிளக்கின்கள். சில வருடங்களுக்கு முன்பு தேவைப்பட்டவை, இப்போது சும்மா இருக்கின்றன. படங்களைக் கீழே நகரும்போது ஏற்றுகிற லேசி லோடு 5.5 பதிப்பிலேயே, 2020-ல், உள்ளே வந்துவிட்டது. தேடுபொறிக்குப் பக்கங்களைப் பட்டியலிட்டுக் கொடுக்கும் சைட்மேப்பும் அதே பதிப்பில் வந்தது. வெப்பி வகைப் படங்களை 5.8 முதல், ஏவிஐஎஃப் வகைப் படங்களை 6.5 முதல் நேரடியாக ஏற்றலாம். பழைய லேசி லோடு பிளக்கின் இருந்தால் அது முகப்பின் பெரிய படத்தையும் சேர்த்துத் தள்ளிப்போட்டு எல்சிபியைக் கெடுப்பதும் உண்டு. தேடலில் மேலே வர உதவும் எஸ்இஓ பிளக்கின் ஏற்கெனவே சைட்மேப் கொடுக்கிறது என்றால் அதற்கென்று தனியாக இன்னொன்று எதற்கு? கூகுள் அனலிடிக்ஸை மட்டும் கவனமாகத் தேடுங்கள். தளத்தின் தோற்றப் பொதியான தீமின் அமைப்பில் ஒரு தடவை, பிளக்கினில் ஒரு தடவை, டேக் மேனேஜரில் ஒரு தடவை என்று ஒரே குறியீடு மூன்று இடத்தில் இருக்கும் தளங்கள் நிறைய. வேகம் போவதோடு வருகைக் கணக்கும் பொய்யாகும்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு சுமை எழுத்துரு. ஃபாண்ட் பிளக்கின் ஒன்று, தீம் ஒன்று, இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டுகிற பேஜ் பில்டர் ஒன்று என்று ஆளுக்கொரு குடும்பத்தைக் கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து இழுக்கும். முக்தா மலரில் ஏழு தடிமன் இருக்கிறது. தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று போதும், மிச்சம் ஐந்தை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால், உடல் எழுத்துக்கு எதையும் இறக்காமல் போனில் இருப்பதையே விட்டுவிடுவதும் நல்ல வழிதான். என் விருப்பம் அதுதான். தலைப்பு எழுத்துரு வேண்டுமென்றால் அந்தக் கோப்பை உங்கள் சர்வரிலேயே வையுங்கள். ஐகானுக்காக ஃபாண்ட் ஆசம் மூன்று பதிப்பில் மூன்று பிளக்கின் வழியாக வருவதும் சகஜம். கவரேஜில் கிட்டத்தட்ட முழுச் சிவப்பாக நிற்பது பெரும்பாலும் அதுதான்.

பேஜ் பில்டர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். எலிமென்டரில் கட்டிய தளத்திலிருந்து எலிமென்டரை எடுத்தால் பக்கமே சரிந்துவிடும். ஆனால் முதலில் ஒரு பில்டரில் கட்டி, பிறகு வேறொன்றுக்கு மாறி, இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால் பழையதில் இன்னும் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் புதியதில் எழுதிவிட்டுப் பழையதை எடுங்கள். பில்டருக்குக் கூடுதலாகப் போடுகிற "நூறு விட்ஜெட்" பொதிகள்தான் அதிகத் தொல்லை. அதில் நீங்கள் பயன்படுத்துவது இரண்டாக இருக்கும். பல பொதிகளில் தேவையற்ற விட்ஜெட்டை அணைக்கும் பொத்தான் உள்ளேயே உண்டு. முதலில் அதை அணையுங்கள்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய பிளக்கினின் பூட்டுடைத்த பிரதியை "ஃப்ரீயாப் போட்டுத் தாரேன்" என்று யாராவது போட்டுக் கொடுத்திருந்தால், வேகம் பற்றிய கணக்கே வேண்டாம். இன்றைக்கே எடுங்கள். அப்டேட் வராது, உள்ளே யார் எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியாது. பணம் வாங்குகிற தளத்தில் அது இருக்கவே கூடாது.

இனி, தேவைதான், ஆனால் எல்லாப் பக்கத்திலும் வேண்டாம் என்கிற வகை. படிவம், வூகாமர்ஸ், விமர்சனப் பெட்டி எல்லாம் இதில் வரும். இவற்றை நீக்க முடியாது, வேண்டாத பக்கத்தில் மட்டும் இறங்காமல் தடுக்கலாம். வேர்ட்பிரஸில் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டுக்கும் ஸ்டைலுக்கும் ஹேண்டில் என்று ஒரு பெயர் உண்டு. பக்கத்தின் மூலத்தைத் திறந்து அந்தக் கோப்பின் வரியைப் பாருங்கள். ஐடி என்ற இடத்தில் ஒரு பெயர் இருக்கும், அதன் வாலில் இடைக்கோட்டோடு சிஎஸ்எஸ் அல்லது ஜேஎஸ் என்று ஒட்டியிருக்கும். வாலை வெட்டினால் மிச்சம் ஹேண்டில். பிறகு சைல்டு தீமின் (நம் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்) ஃபங்ஷன்ஸ் கோப்பில், 'டபிள்யூபி என்கியூ ஸ்கிரிப்ட்ஸ்' கொக்கியில் (நம் செயற்கூற்றை வேர்ட்பிரஸ் கூப்பிடும் இடம்), முன்னுரிமை எண் 100 கொடுத்து ஒரு சிறிய செயற்கூறு எழுத வேண்டும். பிளக்கின்கள் வழக்கமாக 10-இல் ஏற்றுவதால் நீங்கள் அதற்குப் பின்னால் வந்தால்தான் எடுக்க முடியும். உள்ளே, இது தொடர்புப் பக்கம் இல்லையென்றால் இந்த ஹேண்டிலின் ஸ்கிரிப்ட்டையும் ஸ்டைலையும் வரிசையிலிருந்து எடு என்று இரண்டு வரி. காண்டாக்ட் ஃபார்ம் 7-இல் இன்னும் சுத்தமான வழியை அவர்களே கொடுத்திருக்கிறார்கள்: ஸ்கிரிப்ட்டை ஏற்றாதே, ஸ்டைலை ஏற்றாதே என்று இரண்டு ஃபில்டர் உண்டு. தளம் முழுக்க அவற்றால் அணைத்துவிட்டு, படிவம் இருக்கும் பக்கத்தில் மட்டும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

வூகாமர்ஸில் கார்ட் ஃபிராக்மென்ட்ஸ் என்று ஒன்று ஒவ்வொரு பக்கத்திலும் சர்வரைத் தட்டி, கார்ட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தது. 2023-ல் வந்த 7.8 பதிப்பு முதல் அது தானாக எல்லா இடத்திலும் ஏறுவதில்லை, கார்ட் விட்ஜெட் காட்டப்படும் இடத்தில் மட்டும்தான். ஆனால் உங்கள் தீம் தன் பங்குக்கு மேலே ஒரு சின்னக் கார்ட்டைக் காட்டிக்கொண்டு அதைத் திரும்பக் கூப்பிடலாம். நெட்வொர்க் பகுதியில் பாருங்கள். நிரல் எழுதக் கை நடுங்கினால் அசெட் கிளீன்அப், பெர்ஃப்மேட்டர்ஸ் போன்ற பிளக்கின்கள் பக்கம் வாரியாக அணைக்கும் பொத்தான் தருகின்றன. நான் அவற்றை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எடுக்க வேண்டியவற்றை எடுத்த பிறகுதான் அவற்றுக்கு வேலை. வீட்டில் இருக்கவே கூடாத பிளக்கினை இன்னொரு பிளக்கின் வைத்து நாற்பது பக்கத்தில் அணைத்துக்கொண்டிருப்பது வெட்டி வேலை.

பல பிளக்கின்கள் நம்பி நிற்கிற ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஜேகுவெரியில் மட்டும் கை வைக்காதீர்கள். பெரியதாக இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் முகப்பு நன்றாகத்தான் இருக்கும். செக்அவுட்டில் போய்ப் பார்த்தால் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கிற பெட்டி திறக்காது.

எடுக்கும் முறையிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்தின வாரங்களில் இந்த வேலையைத் தொடாதீர்கள், உங்களுக்கு ஆர்டர் வருவதே அப்போதுதான். கோப்பும் டேட்டாபேஸும் சேர்ந்த முழு பேக்அப் எடுத்து, அதை உங்கள் கணினிக்கு இறக்கி வையுங்கள். ஹோஸ்டிங்கில் ஸ்டேஜிங் வசதி இருந்தால் நகல் தளத்தில் செய்து பாருங்கள். இல்லாவிட்டால் ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங் என்று வேர்ட்பிரஸ் சமூகமே நடத்துகிற ஒரு பிளக்கின் இருக்கிறது. அதன் சோதனை நிலையில் பிளக்கினை அணைத்தால் உங்களுக்கு மட்டும்தான் அணையும், வாடிக்கையாளருக்குத் தளம் பழையபடி ஓடும். ஒரு நேரத்தில் ஒன்றை அணையுங்கள். அணைத்ததும் முகப்பைப் பார்த்துவிட்டுச் "செரி, கொள்ளாம்" என்று எழுந்துவிடாதீர்கள். ஒரு பொருளைக் கார்ட்டில் போட்டு, பின்கோடு கொடுத்து, யுபிஐயில் ஒரு சின்னத் தொகையை உண்மையாகவே கட்டி, மெயில் வருகிறதா என்பது வரைக்கும் பாருங்கள். பணம் கட்டுகிற சோதனையும் மெயில் சோதனையும் ஸ்டேஜிங்கில் சரியாக வராது, அதை மட்டும் உண்மைத் தளத்தில் ஆர்டர் குறைவான நேரத்தில் செய்யுங்கள். பக்கத்தில் எங்காவது சதுர அடைப்புக்குள் ஒரு ஷார்ட்கோடு அம்மணமாகத் தெரிந்தால், எடுத்த பிளக்கின் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சில நாள் அணைத்து வைத்துப் பார்த்துப் பிரச்சினை இல்லையென்றால் டிலீட் செய்யுங்கள். அணைத்த பிளக்கின் பக்கத்தை மெதுவாக்காது என்பது உண்மைதான். ஆனால் அதன் கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும், அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால் வெளியிலிருந்து தட்டலாம். டிலீட் செய்யும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: சில பிளக்கின்கள் போகும்போது தன் தரவையும் துடைத்துவிட்டுப் போகும், சில எதையும் துடைக்காமல் போகும். எஸ்இஓ தலைப்புகள், வாடிக்கையாளர் விமர்சனம் போன்றவை முதல் வகையில் மாட்டினால் திரும்பக் கிடைக்காது. இரண்டாம் வகைதான் டேட்டாபேஸில் எச்சத்தை விட்டுச் செல்வது.

அந்த எச்சம் ஆப்ஷன்ஸ் அட்டவணையில் இருக்கும். அதில் ஆட்டோலோடு என்று குறித்த வரிகளை வேர்ட்பிரஸ் ஒவ்வொரு தடவையும் மொத்தமாக நினைவகத்துக்கு இழுக்கும், அதை எழுதிய பிளக்கின் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தாலும். 2024-ல் வந்த 6.6 பதிப்பு முதல் சைட் ஹெல்த் பக்கமே, இந்த மொத்தம் 800 கேபியைத் தாண்டினால் எச்சரிக்கிறது. உங்கள் தளத்தில் அந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் கருவியான பிஹெச்பி மை அட்மினில் அளவு வாரியாக வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் பத்து வரிகளின் பெயரைப் படித்தாலே பழைய ஆட்களை அடையாளம் தெரியும். தெரியாத பெயரை அழிக்காதீர்கள். ஆட்டோலோடு குறியை மட்டும் அணைத்துவிட்டுச் சில நாள் விடுங்கள், தேவைப்பட்டால் வேர்ட்பிரஸ் அதைத் தனியாகப் போய் எடுத்துக்கொள்ளும். போன பிளக்கினின் அட்டவணைகளும், அது நேரம் குறித்து வைத்த கிரான் வேலைகளும் மிச்சமிருக்கும். கிரானை எடுத்துவிடுங்கள், அட்டவணை சும்மா கிடந்தால் வேகத்தைப் பெரிதாகப் பாதிக்காது. வருகிற ஒவ்வொருவரையும் டேட்டாபேஸில் எழுதி வைக்கிற புள்ளிவிவரப் பிளக்கின், உடைந்த இணைப்புகளை இருபத்துநாலு மணி நேரமும் தேடுகிற பிளக்கின் இவையிரண்டும் பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்கிற ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருக்கவே வேண்டாம்.

"எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் சரிசெய்கிறோம்" என்று வருகிற ஆப்டிமைசர்களிடம் ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். அவற்றில் பலவற்றில், ஆள் திரையைத் தொடும் வரை ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கிற வசதி உண்டு. சோதனைக் கருவி திரையைத் தொடாது. மதிப்பெண் பச்சையாகிவிடும். உண்மையான வாடிக்கையாளர் மெனுவைத் தொட்ட அந்த நொடியில் முப்பது ஸ்கிரிப்ட்டும் ஒன்றாக விழும், மெனு அசையாது, அவர் இன்னொரு தடவை தட்டுவார். சாட், அனலிடிக்ஸ் மாதிரி சிலவற்றை மட்டும் தள்ளிப்போடுங்கள். அதுபோல எல்லா சிஎஸ்எஸ்ஸையும் ஒரே கோப்பாகச் சேர்க்கிற வசதி பல கோப்புகளை ஒரே இணைப்பில் ஒன்றாக அனுப்பும் எச்டிடிபி 2 வந்த பிறகு அவ்வளவு பயனில்லை. சேர்த்து ஏதாவது உடைந்தால் எங்கே உடைந்தது என்று தேடுவதும் கஷ்டம்.

இவ்வளவும் செய்த பிறகு மறுபடி அளக்கும்போது சோதனைக் கருவியின் ஆய்வகப் பகுதியில் மாற்றம் உடனே தெரியும். உண்மைப் பயனர் பகுதி கடந்த 28 நாள் தரவை வைத்து ஓடுவதால் அங்கே பைய்யத்தான் மாறும். உங்களைப் போன்ற சின்னக் கடைக்கு வருகை குறைவாக இருந்தால் அந்தப் பகுதியில் தரவே இல்லை என்றும் காட்டலாம், பயப்பட ஒன்றுமில்லை.

விபிஎஸ் கேள்விக்கு வருவோம். நகல் தளத்தில் எல்லாப் பிளக்கினையும் அணைத்து, வேர்ட்பிரஸோடு வருகிற இயல்பான தீமைப் போட்டு, கேஷ் இல்லாமல் முதல் பைட் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். வெறும் வேர்ட்பிரஸே 0.8 விநாடிக்கு மேல் எடுத்தால் குறை ஹோஸ்டிங்கில் இருக்கிறது. அப்போதும் உடனே விபிஎஸ்ஸுக்கு ஓட வேண்டாம். சர்வர் அமெரிக்காவில் இருக்கிறதா, மும்பையிலா என்று கேளுங்கள். பிஎச்பி இன்னும் 7.4-இல் நின்றால், அதற்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, 8.3-க்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றும் முன் ஸ்டேஜிங்கில் பிளக்கின்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள், பழைய பிளக்கின் ஒன்றிரண்டு அங்கேயே தானாக விழும். இந்த இரண்டும் சரியாக இருந்தும் வெறும் வேர்ட்பிரஸ் திணறினால், அதே விலையில் வேறு ஷேர்டு ஹோஸ்டிங்குக்கு மாறிப் பாருங்கள். விபிஎஸ் எடுத்தால் அதன் பாதுகாப்பு, அப்டேட், பேக்அப் எல்லாம் உங்கள் தலையில் விழும். அதைப் பார்த்துக்கொள்ள மாதாமாதம் யாருக்குக் காசு கொடுப்பீர்கள் என்பதையும் தளம் செய்து கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.